விவாகரத்துக்குப் பிறகு ஆயுள் காப்பீடு: குழந்தையை நாமினியாகப் போட்டால் போதுமா?

விவாகரத்து முடிந்த கொஞ்ச நாளில் பலருக்கும் எல்ஐசி பாலிசி ஞாபகத்துக்கு வரும். எடுத்துப் பார்த்தால் நாமினி என்ற இடத்தில் முன்னாள் மனைவி அல்லது கணவரின் பெயர் இருக்கும். அதை மாற்றி எட்டு வயது மகன் பெயரையோ மகள் பெயரையோ எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எண்ணம் சரிதான், பணம் குழந்தைக்குத்தானே போக வேண்டும். ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் கையில் எந்தக் கம்பெனியும் 50 லட்சம் ரூபாயைக் கொடுக்காது. யாரோ ஒரு பெரியவர் அதை வாங்கி, வைத்து, செலவு செய்ய வேண்டும். குழந்தை அம்மாவிடம் வளர்கிறது, பணம் அத்தையின் கணக்கில் இருக்கிறது என்றால் பள்ளிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு ஜூனிலும் யார் யாரிடம் கேட்பது?

அதனால் நாமினி யார் என்பதோடு, 18 வயது வரை பணம் யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் பெரியது. இந்தியச் சட்டப்படி நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் பார்க்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்

விவாகரத்து ஆனதும் பழைய நாமினேஷன் தானாக ரத்தாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி விவாகரத்து பெற்றவர் உங்கள் வாரிசு இல்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி தன் பதிவேட்டில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கும். மாற்றாமல் விட்டால் உங்கள் குழந்தையோ பெற்றோரோ அந்தப் பணத்துக்காகக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டி வரும்.

இன்னொன்று, பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். கோர்ட் குழந்தையை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் இறந்துவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் உயிரோடிருக்கும் மற்ற பெற்றோர்தான். 'என் தம்பியைக் கார்டியனாக உயிலில் எழுதிவிட்டேன்' என்று சில அப்பாக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனம் செல்லாது என்கிறது. அம்மாவும் வேறு யாரையும் உயிலில் நியமிக்காமல் இறந்தால்தான் அதற்கு உயிர் வரும். மகளைத் தனியாக வளர்க்கும் அம்மாவின் நிலை இன்னும் பலவீனமானது. அவருக்குப் பிறகு அப்பாவே காப்பாளர். குழந்தையின் சொத்தைக் கவனிக்க வேறொருவரைப் போட வேண்டுமானால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் மனு போட வேண்டும். இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அவரவர் தனிச் சட்டமும் இந்த 1890 சட்டமும் பொருந்தும்.

ஆகவே முன்னாள் துணையின் கைக்குப் பணம் போகக்கூடாது என்பது உங்கள் கவலையானால் உயிலை மட்டும் நம்ப வேண்டாம்.

எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கிறேன். 18 வயது வரை பணம் யார் கையில்? 18 ஆனதும் என்ன ஆகும்? பிற்பாடு மாற்ற முடியுமா? கடன்காரர்கள் கை வைக்க முடியுமா? செலவும் அலைச்சலும் எவ்வளவு?

மாற்ற முடிவது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரீமியம் கட்டுபவருக்கு அது வசதி. குழந்தையை வளர்த்துக்கொண்டு, மற்றவரின் பாலிசியை நம்பியிருப்பவருக்கு அதுவே ஆபத்து.

வழி 1: குழந்தை நாமினி, ஒரு பெரியவர் அப்பாயிண்டீ

பெரும்பாலானோர் எடுக்கும் வழி இது. 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டத்தின் 39ஆம் பிரிவு, மைனரை நாமினியாகப் போட்டால் அவர் சார்பில் பணம் வாங்க ஒருவரை நியமிக்க அனுமதிக்கிறது. அவரைத்தான் அப்பாயிண்டீ என்கிறோம். படிவத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். குழந்தைக்கு 18 ஆனதும் அவர் வேலை தானாக முடிந்துவிடும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு படிவம், ஒரு சிறு கட்டணம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். குழந்தை உங்கள் பிள்ளை என்பதால் 2015 திருத்தத்தின் 39(7) உட்பிரிவும் துணை நிற்கிறது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அவர்கள் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆட்கள் மட்டுமல்ல, பணத்துக்கு உரிமை உள்ளவர்கள் என்கிறது அது.

சிக்கல் அப்பாயிண்டீயிடம் இருக்கிறது. பணத்தை வாங்கும் அதிகாரத்தைச் சட்டம் தருகிறது. வாங்கிய பிறகு எப்படி வைத்திருக்க வேண்டும், யாருக்கு எப்போது கணக்குக் காட்ட வேண்டும் என்று 39ஆம் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. அவர் செலவழித்துவிட்டால் குழந்தையின் சார்பில் வழக்குப் போடலாம்தான். ஆனால் பணம் போன பிறகு வரும் வழக்கு அது.

யாரை அப்பாயிண்டீயாகப் போடுவது? விவாகரத்தான சூட்டில் பெரும்பாலோர் அண்ணன், தங்கை, அப்பா என்று தன் பக்கத்து ஆளையே எழுதுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. குழந்தை வாழ்வது முன்னாள் மனைவியின் வீட்டில். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஃபீஸ் கட்டுவதும், வாடகை கொடுப்பதும் அவர்தான். பணம் உங்கள் தங்கையிடம் இருந்தால், ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் குழந்தையின் ஒவ்வொரு செலவும் பேரம் ஆகும். தங்கை நாணயமானவராக இருந்தாலும் இது நடக்கும். 'எதுக்கு இவ்வளவு?' என்று அவர் கேட்பார், அது அவர் கடமையும்கூட. நடுவில் நிற்பது குழந்தை.

முன்னாள் துணை நல்ல மனைவியாகவோ கணவராகவோ இல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல அம்மாவா, நல்ல அப்பாவா, பண விஷயத்தில் பொறுப்பானவரா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை 'ஆமாம்' என்றால் அவரையே அப்பாயிண்டீயாகப் போடுவதுதான் குழந்தைக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. குடிப்பழக்கம், கடன், குழந்தையை எட்டிப் பார்க்காதது என்று நிஜமான காரணம் இருந்தால் கட்டாயம் வேறு ஆள். அப்போதும் வழி 3 அல்லது 4 இதைவிடப் பாதுகாப்பு.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. அப்பாயிண்டீயே போடாமல் விட்டால், கோர்ட்டில் காப்பாளர் சான்று வாங்கி வரச் சொல்ல வாய்ப்பு அதிகம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்பாயிண்டீயாக வயதான தாத்தாவைப் போட்டு, அவர் இறந்த பிறகும் மாற்றாமல் விட்டாலும் இதே கதை. இறப்புத் தொகைக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அதை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டிக்கு வரி உண்டு. 50 லட்சத்துக்கு 6.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3.25 லட்சம் வட்டி. மைனரின் வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேரும். திருமணம் முறிந்திருந்தால் குழந்தையைப் பராமரிப்பவரின் வருமானத்தோடு சேர்ப்பார்கள். சம்பளம் வாங்கும் அம்மாவுக்கு இது நல்ல சுமை.

18 வயது நிறைந்ததும் மொத்தப் பணமும் பிள்ளை கையில். காலேஜ் முதல் வருடத்தில் அரைக் கோடி என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தாங்கக்கூடியது இல்லை. இதற்கு ஒரு மலிவான தீர்வு இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இறப்புத் தொகையை மொத்தமாகத் தராமல் 5, 10, 15 வருடத் தவணைகளாகத் தரும் வசதி பல டேர்ம் பாலிசிகளில் (இறந்தால் மட்டும் பணம் வரும், முதிர்வுத் தொகை இல்லாத பாலிசிகள்) உண்டு. பாலிசிதாரர் உயிரோடு இருக்கும்போதே அதைத் தேர்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மாதச் செலவுக்குப் பணம் வந்துகொண்டிருக்கும். அப்பாயிண்டீ யாராக இருந்தாலும் மொத்தத்தையும் ஒரே நாளில் தொட முடியாது. பாதி மொத்தமாக, பாதி தவணையாக என்று பிரிக்க முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வழி 2: அம்மாவையோ தம்பியையோ நாமினியாகப் போட்டுவிடுவது

'எங்கம்மா பேத்தியைப் பார்த்துக்கொள்ள மாட்டாங்களா?' பார்த்துக்கொள்வார். ஆனால் சட்டம் அந்தப் பாசத்தைக் கணக்கில் எடுக்காது. 39(7) பட்டியலில் பெற்றோரும் இருக்கிறார்கள். அம்மாவை நாமினியாகப் போட்டால், சட்டத்தின் வரிகளைப் படித்தால் பணம் அம்மாவுடையது. அவருக்குப் பிறகு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. உங்கள் மகள், உங்கள் ஒரு பங்கில் மட்டும் நிற்பாள்.

எல்லா நீதிமன்றங்களும் இந்தப் பிரிவை ஒரே மாதிரி படிக்கவில்லை. ஒருவர் தன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2025இல், மனைவியும் குழந்தையும் உரிமை கோரும்போது நாமினி முழு உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தம்பி, தங்கை, நண்பர் நாமினி என்றால் அவர்கள் 39(7) பட்டியலிலேயே இல்லை. 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பழைய விதியின்படி அவர்கள் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் தர வேண்டியவர்கள். இந்துக்களில் ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசுகள் அவருடைய பிள்ளைகளும் அம்மாவும். அதாவது குழந்தைக்கு முழுவதும் வராது.

இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பெற்றோர் உங்களை நம்பி வாழ்கிறார்கள் என்றால் அவர்களுக்கென்று ஒரு சதவீதத்தைத் தனியாக எழுதுங்கள். நாமினேஷனில் 30:70 என்று பங்கு பிரிக்க இடம் உண்டு.

வழி 3: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் புதிய பாலிசி

1874ஆம் ஆண்டுச் சட்டம் இது. பெயரைப் பார்த்து, விவாகரத்தானவருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். இதன் 6ஆம் பிரிவின்படி, திருமணமான ஆண் தன் உயிர் மேல் எடுக்கும் பாலிசியில் 'மனைவிக்காக' அல்லது 'பிள்ளைகளுக்காக' என்று எழுதினால், அந்தப் பாலிசி அந்த நிமிடமே அவர்களுக்கான டிரஸ்ட், அதாவது அவர்களுக்காக ஒருவர் பொறுப்பாக வைத்திருக்க வேண்டிய சொத்து, ஆகிவிடும். மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் பிள்ளைகளுக்காக எடுப்பதையும் கம்பெனிகள் ஏற்கின்றன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது மதராஸ் மாகாணத்தில் 1913 முடிவிலிருந்தே பொருந்துகிறது. மற்ற பகுதிகளில் 1923இல்தான் வந்தது.

இதன் பலம் பெரியது. பணம் உங்கள் சொத்தில் சேராது. தொழில் நொடித்துக் கடன்காரர்கள் வந்தாலும், அவர்களை ஏமாற்றவே எடுத்த பாலிசியாக இல்லாதவரை, அதைத் தொட முடியாது. வாரிசுச் சண்டையிலும் சிக்காது. 39ஆம் பிரிவே இதற்குப் பொருந்தாது என்பதால் நாமினியா உரிமையாளரா என்ற குழப்பமும் இல்லை. பணம் நீங்கள் நியமித்த டிரஸ்டியிடம் போகும். அப்பாயிண்டீ போல அல்லாமல், டிரஸ்டிக்குச் சட்டப்படி கடமைகள் உண்டு. குழந்தையின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்கக்கூடாது, கணக்கு வைக்க வேண்டும்.

இதன் விலை, எதையும் மாற்ற முடியாது என்பதுதான். பிள்ளைகள் பெயரை எழுதியாகிவிட்டால் அவர்களை நீக்க முடியாது. மறுமணம் செய்து இன்னொரு குழந்தை பிறந்தால் அதைச் சேர்க்க முடியாது. உங்கள் இஷ்டத்துக்குச் சரண்டர் செய்யவோ (பாதியில் முடித்துப் பணம் வாங்கவோ) அதன் மேல் கடன் வாங்கவோ முடியாது. முதிர்வுத் தொகை வரும் பாலிசி என்றால் அதுவும் பிள்ளைகளுக்கே. அதனால் சேமிப்புப் பாலிசி வேண்டாம், சுத்தமான டேர்ம் பாலிசியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இதைப் பாலிசி எடுக்கும்போதே செய்தாக வேண்டும், பழைய பாலிசியில் ஒட்ட முடியாது. 30 வயதில் எடுத்ததை விட்டுவிட்டு 42 வயதில் புதிதாக எடுத்தால் பிரீமியம் கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் கூடும். டிரஸ்டி பெயர் எழுதாமல் விட்டால் பணம் மாநிலத்தின் அரசு டிரஸ்டியிடம் போகும். தமிழ்நாட்டில் அந்த அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தோடு சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒரு அம்மா அங்கே வந்து அலைய வேண்டாம். இரண்டு டிரஸ்டிகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். திருமண காலத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் மனைவி பெயரைச் சொல்லி எடுத்த பாலிசி இருந்தால், விவாகரத்துக்குப் பிறகும் அது அவருடையதே. அதில் பிரீமியம் கட்டுவதா, நிறுத்துவதா என்பதை விவாகரத்துப் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சட்டத்தின் வரி 'திருமணமான ஆண்' என்றுதான் சொல்கிறது. விவாகரத்தான அம்மா தன் பாலிசியைக் குழந்தைக்காகப் பூட்டி வைக்க நினைத்தால் நான்காவது வழிதான் நம்பகமானது.

வழி 4: தனி டிரஸ்ட் எழுதி, பாலிசியை அதற்கு மாற்றிக் கொடுப்பது

வக்கீலை வைத்து 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் ஒரு பத்திரம் எழுதி, இன்சூரன்ஸ் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி பாலிசியை டிரஸ்டிகளின் பெயருக்கு அசைன்மெண்ட் (உரிமை மாற்றம்) செய்வது. பழைய பாலிசியிலும் செய்யலாம், ஆணும் பெண்ணும் செய்யலாம். அசைன்மெண்ட் ஆனதும் பழைய நாமினேஷன் ரத்தாகிவிடும்.

படிப்புக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு ரூபாய் வளர்க்கும் பெற்றோரின் கணக்குக்கு என்று நீங்களே விதி எழுதலாம். பணம் முன்னாள் துணையின் கைக்கு மொத்தமாகப் போகாது, அதே சமயம் அவர் யாரிடமும் கைநீட்டவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன தங்கை–அம்மா சிக்கலை உண்மையிலேயே தீர்ப்பது இது ஒன்றுதான்.

'25 வயதில்தான் தர வேண்டும்' என்று எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை ஒருவரே முழு உரிமையாளர் என்று பத்திரம் இருந்தால், 18 வயது நிறைந்த பிறகு சொத்தைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி டிரஸ்டியைக் கேட்க டிரஸ்ட் சட்டத்தின் 56ஆம் பிரிவு இடம் தருகிறது. உரிமையே 25 வயதில்தான் பிறக்கும்படி, அதற்கு முன் ஏதாவது ஆனால் யாருக்குப் போகும் என்பதோடு, எழுத வேண்டும். வக்கீலிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

செலவு கூடுதல். பத்திரம், முத்திரைத்தாள், டிரஸ்டுக்குத் தனி பான், தனி பேங்க் கணக்கு, வருமானம் வரத் தொடங்கினால் வருடாவருடம் வரித் தாக்கல். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால் வருமானத்துக்கு உச்சபட்ச வரி விகிதம் விழும். 20 லட்ச ரூபாய் பாலிசிக்கு இவ்வளவும் தேவையில்லை. கோடியை நெருங்கும் தொகைக்கும், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கும் கட்டாயம் யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு 18 வயது என்ற எல்லைக்கே அர்த்தம் இல்லை.

| | 18 வரை யார் கையில் | 18க்குப் பிறகு | மாற்ற முடியுமா | கடன்காரர் |
|---|---|---|---|---|
| குழந்தை + அப்பாயிண்டீ | அப்பாயிண்டீ, கேள்வி கேட்க ஆளில்லை | மொத்தமும் பிள்ளைக்கு | எப்போதும் | சிக்கல் வரலாம் |
| அம்மா / தம்பி நாமினி | அவர்களே | வழக்கைப் பொறுத்தது | எப்போதும் | சிக்கல் வரலாம் |
| 1874 சட்டப் பாலிசி | டிரஸ்டி, கடமையோடு | பிள்ளை கேட்டால் தர வேண்டும் | முடியாது | தொட முடியாது |
| தனி டிரஸ்ட் | டிரஸ்டி, உங்கள் விதிப்படி | பத்திரத்தைப் பொறுத்தது | பத்திரத்தைப் பொறுத்தது | பொதுவாகப் பாதுகாப்பு |

யாருக்கு எது

முன்னாள் துணையோடு பேச்சு சுமுகமாக இருக்கிறது, தொகை நடுத்தரம் என்றால் முதல் வழி. அவரையே அப்பாயிண்டீயாகப் போட்டு, தவணை வசதியையும் எடுங்கள்.

சொந்தத் தொழில், கடன், ஜாமீன் கையெழுத்து என்று இருக்கும் அப்பாவுக்கு மூன்றாவது வழி. பணம் வாங்குபவர் மேல் நம்பிக்கை இல்லை, அல்லது குழந்தையை ஒற்றையாக வளர்க்கும் அம்மா நீங்கள் என்றால் நான்காவது. தொகை சிறியதாக இருந்து டிரஸ்ட் கட்டுப்படியாகவில்லை என்றால், நம்பகமான அப்பாயிண்டீயும் தவணை முறையும் சேர்ந்தால் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும்.

நீங்கள் பிரீமியம் கட்டுபவர் இல்லை, ஜீவனாம்சத்தை நம்பிக் குழந்தையை வளர்ப்பவர் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். பரஸ்பர விவாகரத்து மனுவில் 'குழந்தை பெயரில் நாமினேஷன் தொடரும்' என்று எழுதினால் மட்டும் போதாது. கம்பெனி அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை. அடுத்த வாரமே ஒரு படிவம் கொடுத்து முன்னாள் துணை நாமினியை மாற்றலாம், உங்களுக்குத் தகவல்கூட வராது. அதனால் 1874 சட்டத்தின் கீழ் டேர்ம் பாலிசி எடுத்து அதன் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது பாலிசியை டிரஸ்டுக்கு அசைன்மெண்ட் செய்ய வேண்டும் என்று ஒப்பந்த விதிகளிலேயே கேளுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு குழந்தையின் பராமரிப்புக்கு உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அவர் பிரீமியம் கட்டாமல் விட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த டேர்ம் பாலிசியும் காலாவதி ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வருட ரசீதும் உங்களுக்கு வர வேண்டும், தவறினால் நீங்கள் கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்ற வரியையும் சேருங்கள்.

ஆபீஸ் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அது வைப்பு நிதியின் நாமினிக்கே போகும். அதையும், கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸையும் பலரும் வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதியதோடு மறந்துவிடுகிறார்கள். பாலிசியை மாற்றும் அதே வாரத்தில் இரண்டையும் மாற்றி, ஒப்புகையின் நகலை அப்பாயிண்டீயிடமோ டிரஸ்டியிடமோ ஒன்று கொடுத்துவிடுங்கள். பாலிசி இருப்பதே தெரியாதவரால் கிளெய்ம் போட முடியாது.